போலியோவுக்குப் பின் வளரும் கால்

இளம்பிள்ளை வாதத்தைப் பற்றிப் பேசுபவர்கள் ‘காய்ச்சல் வந்தது, கால் போய்விட்டது’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு வயதில் அந்தக் காய்ச்சல் கண்டு, இடது காலில் அதன் மிச்சத்தோடு ஐம்பதைக் கடந்துவிட்ட எனக்கு அந்தச் சுருக்கம் பொருந்துவதில்லை. வாதம் சில நாட்களில் முடிந்துவிடுகிறது; ஊனம் ஆண்டுக்கணக்கில் உருவாகிறது.

வாய் வழியாக நுழைந்து குடலில் பெருகும் போலியோ வைரஸ், தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவரிடம்தான் மீளாத வாதத்தை உண்டாக்குகிறது. அப்போது அது தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறதே தவிர, தொடு உணர்வைத் தொடுவதில்லை. முள் குத்தினால் வலிக்கும். காலை இழுத்துக்கொள்ளத்தான் முடியாது. வைரஸ் ஏற்கெனவே உடலுக்குள் இருக்கும் வேளையில் தசையில் ஊசி போட்டால் வாதம் வரும் வாய்ப்புக் கூடும் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘ஊசி போட்டதால்தான் வந்தது’ என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த என் அம்மாவை முழுவதுமாக மறுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

பிழைத்த நரம்பணுக்கள் புதிய கிளைகளை விட்டு, துணையிழந்த தசை இழைகள் சிலவற்றையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வதால், முதல் சில மாதங்களில் ஓரளவு பலம் திரும்புகிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எஞ்சும் பலவீனம் பெரும்பாலும் நிலைத்துவிடும். பெற்றோர் கவனிக்கத் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தைத்தான். ஒரு மூட்டின் இருபுறமும் எதிரெதிராக இழுக்கும் தசைகளில் ஒன்று செத்து மற்றொன்று பிழைத்திருந்தால், வளரும் எலும்பு பிழைத்ததன் பக்கமே வளையத் தொடங்கும். கெண்டைக்கால் தசை மட்டும் வலுவாக இருந்தால் குதிகால் தரையைத் தொடாது. நிற்க வைக்காமல் தவழவே விட்ட பிள்ளைகளுக்கு இடுப்பும் முழங்காலும் மடங்கியபடியே இறுகிவிடும். பாதித்த கால் மற்றதைவிடக் குட்டையாகவும் நின்றுவிடும். இறுக்கத்தில் பெரும்பகுதியை, தினமும் மூட்டை நீட்டி மடக்கிவிடும் பயிற்சியாலும் இரவில் காலை அசையாமல் வைத்துக் கட்டும் சிம்பாலும் தடுத்திருக்கலாம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

முன்தொடைத் தசை செத்தவர்கள், எடை ஏறும்போது முழங்கால் மடங்கிவிடாமல் இருக்க, ஒவ்வொரு அடிக்கும் கையால் தொடையை அழுத்தி நடப்பார்கள். என் கால்சட்டைகள் எல்லாம் அந்த இடத்தில்தான் முதலில் நைந்துபோகும். கையை விடுவிக்க, காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டமான காலிபர் உண்டு. ஆனால் பிள்ளை வளர வளர அதை மாற்ற வேண்டும், அந்தச் செலவைப் பல வீடுகளால் தாங்க முடியவில்லை. இறுகிய தசைநாணைத் தளர்த்தியும், நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தியும் செய்யும் அறுவை சிகிச்சைகள் பலரைத் தவழ்வதிலிருந்து எழுப்பி நிறுத்தியிருக்கின்றன.

இந்தியாவில் இயற்கை வைரஸால் வந்த கடைசி வாதம் 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் பதிவானது. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்ததாகச் சான்றிதழ் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் போலியோ நோயாளியையே பார்த்திராத இளம் மருத்துவர்களிடம், பல பத்தாண்டுகளுக்குப் பின் பழைய தசைகள் மீண்டும் தளரும் போலியோ பிந்தைய நோய்க்குறியைப் பற்றி நாங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாகக் கூடுதல் சுமையைத் தாங்கிய நரம்பணுக்கள் அயர்ந்துபோவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே, களைத்துப்போகும் அளவுக்கு உடற்பயிற்சி செய்யச் சொல்லும் வழக்கமான அறிவுரையை நான் பின்பற்றுவதில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, மாடிப்படியைத் தவிர்க்கிறேன்.