மணி கட்டிய லேஸ் பாபினுக்கு கை டிரில்லில் ஒரு பிடி

கையால் லேஸ் பின்ன நூல் சுற்றி வைக்கும் குச்சிதான் லேஸ் பாபின். தையல் மெஷினில் நூல் சுற்றித்தரும் வைண்டரில் அது ஏறாது. மெஷின் பாபினுக்கு நடுவில் ஓட்டை உண்டு. லேஸ் பாபினுக்கு அது இல்லை, உடம்பைப் பிடித்துத்தான் சுழற்ற வேண்டும். இங்கிலாந்தின் டெவன் பகுதி ஹானிட்டன் பாபினுக்கு ஒரு சிலிக்கான் டியூப் துண்டே போதும்: ஒரு முனை வைண்டர் தண்டில், மறுமுனை பாபினின் கூர்வாலில்.

வம்பு பண்ணுவது இங்கிலாந்தின் கிழக்கு மிட்லண்ட்ஸ் பாபின். வால்நுனியில் கம்பியில் கோத்த மணி வளையம் தொங்கும். லேஸ் பின்னும் தலையணையில் பாபின் உருளாமல் தடுப்பதும் நூலுக்கு இழுப்பு தருவதும் அதுதான். கை டிரில்லின் சக்கில் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் முனை) நேராக மாட்டினால் மணி அதன் தாடையில் சிக்கும்.

அதற்கு பாபினைத் தாங்கும் ஒரு தொட்டில் செய்யலாம். 30 மி.மீ. தடிமன் உருட்டுக்கட்டை, நீளம் 90 மி.மீ. ஒரு முனையின் நடுவில் 6 மி.மீ. போல்ட்டை இறுக்கித் தலையை அறுத்துவிட்டால் அது சக்கில் நிற்கும். எதிர்முனையிலிருந்து நட்டநடுவே 6 மி.மீ. துளை, 65 மி.மீ. ஆழத்துக்கு. துளை போட்ட பிறகுதான், அந்த 65 மி.மீ. நீளத்துக்குக் கட்டையில் பாதியை நீளவாக்கில் அறுத்து எடுக்க வேண்டும், துளையின் மீதிப் பாதி பள்ளமாக நிற்கும். அறுத்துவிட்டுக் குடைந்தால் பள்ளம் மையத்தில் அமையாது. பாபின் தலை ஆடும், நூல் ஒரு பக்கமாகக் குவிந்து சரியும்.

பாபின் உடம்பில் 40 மி.மீ. பள்ளத்தில் படுக்கும். மீதி 25 மி.மீ. மணி வளையத்துக்கு. கம்பித்துளை தட்டையான முகத்துக்கு இணையாக இருக்கும்படி பாபினைத் திருப்பினால் வளையம் படிந்து உட்காரும். முடி கட்டும் ரப்பர் இரண்டு: ஒன்று உடம்புக்கு, ஒன்று மணிக்கு. பாபின் வழுக்கினால் பள்ளத்தில் மெல்லிய தோல் ஒட்டலாம்.

டிரில்லைக் கிடைமட்டமாக மேசை ஓரத்தில் சி கிளாம்ப் போட்டு இறுக்கவும். மின்சார டிரில் வேண்டவே வேண்டாம். நூல் எங்காவது சிக்கினால் கை உடனே உணர்ந்து நிற்கும், மோட்டார் நிற்காது. பாபினில் மிக மெல்லிய இடம் நூல் சுற்றும் கழுத்து, அங்கேதான் ஒடியும்.

கைப்பிடி ஒரு முறை சுற்றினால் சக் எத்தனை முறை சுற்றுகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணிக்கொள்ளவும். நாலு என்றால், 3 மி.மீ. கழுத்தில் ஒரு மீட்டர் நூலுக்குச் சுமார் 25 கைப்பிடிச் சுற்று. நூல் தடிக்கத் தடிக்க இது குறையும்.

தொடக்கத்தில் முடிச்சு வேண்டாம். நூல் நுனியின் மேலேயே நாலைந்து சுற்று கையால் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். நூலை இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பிடித்து, கழுத்தின் இரு ஓரத்துக்கும் சீராக நகர்த்தவும். தளர்ந்தால் மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து, பின்னும்போது நூல் வராமல் அடம்பிடிக்கும். இரண்டு இழை முறுக்கிய மெல்லிய 60/2 லினன் நூலை லேசாக ஈரப்படுத்திய விரலால் பிடித்தால் அறுவது குறையும். உடம்பின் தடிமனுக்கு மேல் நூல் புடைக்கக் கூடாது.

லேஸ் பின்ன பாபின்கள் ஜோடி ஜோடியாக வேண்டும், ஜோடிக்கு ஒரே நூல்தான். முதல் பாபின் முடிந்ததும் இன்னொன்றுக்கு வேண்டியதை அளந்து வெட்டி, வெட்டிய நுனியிலிருந்து இரண்டாவதை அதே திசையில் சுற்ற வேண்டும். நடுவில் ஒரு சாண் நூல் மிஞ்சும்போது நிறுத்தி, இரண்டின் தலையிலும் சுருக்கு போடவும்.