247-ஐ ஓரமாக வைத்துவிட்டு ட, ப, ம-வில் தொடங்குங்கள்

வீட்டிலேயே பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித் தரலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலான பெற்றோர் முதலில் வாங்குவது எழுத்துச் சார்ட். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. சுவரில் ஒட்டி, தினமும் வரிசையாகச் சொல்ல வைக்கிறோம். பிள்ளையும் ராகம் போட்டு ஒப்பித்துவிடும். நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டு ‘இது என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். வரிசையின் தலைக்குப் போய் ‘க, கா, கி, கீ’ என்று விரல் வைத்து எண்ணிக்கொண்டே வரும். பாட்டு மனப்பாடமாகியிருக்கிறது, எழுத்து இன்னும் கண்ணில் பதியவில்லை. இதில் ஙா, ஙி, ஙீ எல்லாம் வேறு. ங-வில் குழந்தைக்கு வேண்டியது தங்கம், சங்கு என்று வரும் ‘ங்’ மட்டும்தான்.

ஐந்து வயதில் கைக்குச் சொல் கிடைக்க வேண்டும், அதுவும் முதல் வாரத்திலேயே. ட, ப, ம, இவற்றோடு ஒரு புள்ளி: படம், மடம், பட்டம், மட்டம். ர சேர்த்தால் மரம், ரம்பம், பம்பரம். துணைக்கால், கொம்பு, சுழி எதுவும் இல்லாமல் நாலே எழுத்தில் ஏழு சொல், எல்லாமே நிஜச் சொல். பிறகு ண, ய, க, ல, த, வ, ச, ந, ழ, ன என்று வாரத்துக்கு இரண்டு. பணம், பயம், கடல், வட்டம், சக்கரம், நகம், பழம், மனம் எல்லாம் குறியே இல்லாமல் வந்துவிடும்.

இந்த வரிசை எழுதப் பழகவும் தோதானது. ட ஒரு நேர்கோடு, ஒரு படுக்கைக்கோடு. அதையே மேலே ஏற்றினால் ப. ஏற்றிய கோட்டை வளைத்துச் சுழித்தால் ம. அதற்கு அடியில் ஒரு வால் இழுத்தால் ழ. முதலில் ‘அ’ எழுதச் சொல்வதுதான் வழக்கம். சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நிமிர்ந்த கோடு எல்லாம் ஒரே எழுத்தில் இருப்பதால் பென்சில் பிடிக்கவே பழகாத கைக்கு அது பெரிய வேலை.

அட்டைகளைக் கடையில் வாங்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஆறு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, கறுப்பு மார்க்கரால் எழுத்துக்கு இரண்டு அட்டை எழுதினால் போதும். புள்ளியை எழுதிவிடாதீர்கள், அதற்கு ஸ்டிக்கர் பொட்டு. ‘மரம’ என்று மூன்று அட்டையை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கடைசி ம-வின் தலையில் பொட்டை ஒட்டச் சொல்லுங்கள். வாய் தானாக மூடும். மெய்யெழுத்து என்றால் என்ன என்று விளக்குவதைவிட இது சுருக்கமான வழி. பொட்டைப் பிய்த்து மறுபடி ஒட்டலாம் என்பது கூடுதல் குஷி. அட்டை வழவழப்பாக இருந்தால்தான் கிழியாமல் வரும், சொரசொரப்பான பத்திரிகையை ஒதுக்கிவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் மிக அதிகமாக நடக்கும் பிசகு ஒன்று. மெய்யெழுத்தை ‘இக், இங், இச்’ என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம். அந்தப் பெயரோடு வாசிக்கப் போகும் பிள்ளை ‘ப, ட, இம்’ என்கிறது. சேர்த்துச் சொல் என்றால் ‘பட-இம்’ என்று நிற்கிறது. நாம் பொறுமை இழந்து ‘படம்டா!’ என்று கத்துகிறோம். தப்பு பிள்ளையுடையது இல்லை. ம் என்றால் உதட்டை மூடி ‘ம்ம்ம்’, ல் என்றால் நாக்கை வைத்து ‘ல்ல்ல்’ என்று ஓசையாக மட்டும் சொல்லிக் கொடுங்கள். ட், க், ப் போன்றவற்றைத் தனியே நீட்ட முடியாது. அவற்றைப் ‘பட்ட’, ‘பக்க’ என்று அடுத்த எழுத்தோடு ஒட்டியே காட்டுங்கள். ‘இம்’ என்ற பெயர் ஆறு மாதம் கழித்து வந்தால் போதும். தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் மாலையில் அவர்கள் ‘இக், இங்’ ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்த சிக்கல், ஒரே எழுத்துக்கு இரண்டு ஓசை. ‘பம்பரம்’ என்பதில் முதல் ப வன்மையாகவும் இரண்டாவது மென்மையாகவும் வருகிறது. க, ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் இதே கதை. சொல்லின் முதலிலும் இரட்டித்தாலும் வன்மை, நடுவில் தனியாகவோ மெல்லினத்தை அடுத்தோ வந்தால் மென்மை. (ச கொஞ்சம் தனி ரகம்: சட்டம், பச்சை, பஞ்சு மூன்றிலும் மூன்று ஓசை.) இதை விதியாகச் சொல்லாதீர்கள். படம்–பட்டம், பக்கம்–நகம் என்று ஜோடியாக வாசிக்க வையுங்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குச் சொல் காதில் ஏற்கெனவே இருக்கிறது. அடையாளம் கண்டதும் ஓசையைத் தானே திருத்திக்கொள்ளும்.

குறிகளில் முதலில் துணைக்கால். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ா-வும் ர-வும் கிட்டத்தட்ட ஒரே உருவம். ‘பாடம்’ என்பதைப் ‘பரடம்’ என்று வாசிப்பார்கள். துணைக்காலை மட்டும் சிவப்பு மையில் எழுதிய அட்டையாக இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டுக் கறுப்புக்கு மாற்றுங்கள். பிறகு ி, ீ, அதன் பின் கொம்புகள். ெ, ே, ை மூன்றும் எழுத்தில் முன்னால் நிற்கும், ஓசையில் பின்னால் வரும். கொம்பைக் கண்டதும் அங்கேயே நின்று யோசிக்கும் பிள்ளைக்கு, ‘கொம்பைப் பார், அடுத்ததைத் தொடு, அப்புறம் வாயைத் திற’ என்று மூன்று நாள் பழக்கினால் சரியாகிவிடும். கொ, கோ அதற்குப் பிறகு. ‘கௌ’ கடைசியில் வரட்டும். மௌனம், பௌர்ணமி, கௌரவம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களுக்காக அவசரப்பட வேண்டாம்.

பாட்டி எழுதிக் கொடுக்கும் தாளில் ணை, லை, ளை, னை எழுத்துகள் துதிக்கை தூக்கியபடி வந்தால் குழம்ப வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் அது. இன்னொரு உடுப்பு என்று சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

உண்மையில் மனப்பாடம் செய்ய வேண்டியது உகர, ஊகார வரிசைகளைத்தான். 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவம், குறியைத் தனியே பிரித்துக் காட்ட முடியாது. அங்கேயும் குடும்பம் உண்டு. சு, பு, யு, வு ஆகியவற்றுக்குக் கோடு கீழே இறங்கும். து, நு, ணு, லு, று, னு, ஞு ஆகியவை அடியில் சுழன்று வலப்பக்கம் மேலே ஏறும், நெடிலில் துணைக்கால் மாதிரி ஒன்று சேரும்: தூ, நூ, லூ. ஙு-வை விட்டுவிட்டால் மீதி கு, டு, மு, ரு, ழு, ளு. இவற்றில் ஒவ்வொன்றையும் ஒரு சொல்லோடு கட்டிவிடுங்கள்: குடை, வீடு, முயல், குருவி, கழுதை, உருளும். ஒரு குடும்பம் முடிந்து ஒரு வாரம் கழித்தே அடுத்தது.

எழுத ஆரம்பித்ததும் ண–ந–ன தகராறு வரும். இதற்கு ஒரு நல்ல பிடிமானம்: ட-வுக்கு முன் எப்போதும் ண் (வண்டி), த-வுக்கு முன் ந் (பந்து), ற-வுக்கு முன் ன் (கன்று). சொல்லின் முதலில் ந. இந்த நாலும் கைவந்தால் ‘பன்டிகை’ மாதிரியான பிழைகளில் பெரும்பகுதி போய்விடும். ல, ள, ழ மூன்றும் நாக்கு சமாச்சாரம். ல-வுக்கு மேல்பல்லின் பின்னால் தொடும், ள-வுக்கு மடிந்து அண்ணத்தில் தொடும், ழ-வுக்கு மடியும், தொடாது. வால், வாள், வாழ் என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கட்டும். ர–ற மட்டும் காதை நம்பி எழுத முடியாது. கரி–கறி, அரை–அறை என்று நம்மில் பலரே பேச்சில் வேறுபடுத்துவதில்லை. அது நிறைய வாசித்துக் கண்ணால் பழக வேண்டியது, அதற்காகத் திட்டக் கூடாது.

ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். பழைய அட்டைகளுக்கு 5 நிமிடம், புதியதுக்கு 5 நிமிடம், மீதிப் பத்தும் வாசிப்பு. கொட்டாவி வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

எழுத்தெல்லாம் தெரிந்த பிறகும் கதைப் புத்தகத்தில் பிள்ளை தடுமாறினால் காரணம் அநேகமாகப் புத்தகத் தமிழ். வாயில் ‘மரத்துல இருந்து விழுந்துச்சு’, தாளில் ‘மரத்திலிருந்து விழுந்தது’. ஆகவே வாசிக்கத் தொடங்கும் முன்பே, மூன்று வயதிலிருந்து, புத்தகத்தில் இருக்கிறபடியே தினம் ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள். பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லும் ஆசை வரும், கதையைச் சொல்லும்போது அப்படிச் செய்யலாம், வாசிக்கும்போது வேண்டாம். பிள்ளை சொன்ன வாக்கியத்தை அது சொன்னபடியே எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்வதும் நல்ல பயிற்சி.

புத்தகங்களுக்குச் செலவு அதிகம் ஆகாது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளில் தமிழ்க் கதைகள் இலவசம். முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று பிரிக்கப்பட்டவை. எந்தப் புத்தகமானாலும் ஒரு பக்கத்தை வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து இடத்துக்கு மேல் நின்றால் அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பிள்ளைக்கு ஒரு நிலை கீழே எடுத்துக் கொடுங்கள்.