ஜூரா மலையின் பாற்சீட்டு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில், சம்பல் கிண்ணத்துக்கும் முதல்நாள் சொதிக்கும் இடையே, தடித்த தாளில் சுற்றிய சீஸ் துண்டு ஒன்று மூன்று கிழமைகளாக இருந்தது. கடந்த ஒக்டோபரில் பிரான்சின் கிழக்கு எல்லைப் பக்கமாக உள்ள பெசன்சோன் நகரில் வசிக்கும் அக்காவிடம் பத்து நாள் தங்கித் திரும்பியபோது கொண்டுவந்த கொம்தே சீஸ் அது. பதினெட்டு மாதம் முதிர்ந்தது. கத்தியால் சீவும்போது வெட்டுமுகத்தில் வெண்ணிறப் புள்ளிகள் தெரியும். பல்லில் பட்டால் கல்லுப்பைப் போல நறுக்கென்று உடையும். அம்மா அதில் ஒன்றை நகத்தால் கிள்ளியெடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தம்பி, இது உப்போ, சீனியோ?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. பாலின் புரதம் மாதக்கணக்கில் சிதைந்துவரும்போது தைரோசின் என்னும் அமினோ அமிலம் படிகமாகத் திரள்வதால் உண்டாகும் மணிகள் அவை. சொன்னேன். அம்மா ஒரு சிறு துண்டை வாயில் போட்டு, நெய் காய்ச்சிய சட்டியின் அடியைச் சுரண்டித் தின்றது போல இருக்கிறது என்றார். அதைவிடச் சரியான வர்ணனையை நான் அங்கேயும் கேட்கவில்லை.

ஜூரா என்பது பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே வளைந்து கிடக்கும் மலைத்தொடர். அல்ப்ஸ் மலையோடு ஒப்பிட்டால் குள்ளம். அதன் அதியுயர்ந்த சிகரமே 1,720 மீற்றர்தான், அதாவது நம் நுவரெலியா நகரத்தை விடத் தாழ்வு. ஆனால் குளிர் வேறு கதை. மூத் என்ற கிராமத்தில் 1968 ஜனவரியில் பூச்சியத்துக்குக் கீழே 36.7 பாகை பதிவாகியிருக்கிறது. பனி மூடினால் மாடுகள் தொழுவத்தை விட்டு வெளியே வர முடியாத அந்த மேட்டுநிலத்தில், கோடைப் புல்லைக் குளிர்காலத்துச் சாப்பாடாக மாற்றி வைப்பதே பல நூற்றாண்டுகளாக மனிதர்களின் பெரிய வேலையாக இருந்தது. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்கி அடுத்த மாரிக்குச் சேமித்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இது விளங்காத விடயமல்ல.

ஒரு நாள் அதிகாலையில் அத்தான் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு, மேட்டுநிலத்துக் கிராமம் ஒன்றின் பால் கூட்டுறவுக் கூடத்துக்குப் போனார். அதை அங்கே புருயித்தியேர் என்கிறார்கள். பழத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். வடமொழிப் 'பலம்' நம்மிடம் பலனாகவும் ஆனது போல, அங்கும் கனிக்கும் பயனுக்கும் ஒரே சொல். உள்ளே நுழைந்தவுடன் வெதுவெதுப்பான பாலின் மணமும் ஈரத் தரையின் மணமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. பெரிய செப்புக் கொப்பரைகளில், உறைந்த பாலை மெல்லிய கம்பிகள் பூட்டிய அலகு சுழன்று சுழன்று கோதுமை மணியளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தது. பிறகு கொப்பரை மெல்லச் சூடேறி 53 பாகை செல்சியசைத் தாண்டியது. வெப்பமானி பக்கத்திலேயே இருந்தும், சீஸ் செய்பவர் மணிக்கட்டு வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். இறுக்கினார், விரித்தார், உள்ளங்கையில் கொழுக்கட்டையாய்ப் பிடிபட்டிருந்ததைப் பெருவிரலால் உரசினார். மணிகள் பிரிந்து உதிர்ந்தன. இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்று சொன்னதாக அத்தான் மொழிபெயர்த்தார். புட்டுக்கு மாக் குழைக்கும்போது அம்மா பிடித்துப் பார்த்து உதிர்க்கும் அதே கை அசைவு.

ஒரு கொம்தே சக்கரம் ஏறக்குறைய 40 கிலோகிராம் நிறையுள்ளது. அதற்குச் சுமார் 400 லீற்றர் பால் வேண்டும். இன்றைய நல்ல பசுக்களில் கூட அது இருபது மாடுகளின் ஒருநாட் பால். நாலைந்து மாடுகள் மட்டும் வைத்திருந்த பழைய காலத்துக் குடியானவர் தனியாக அப்படியொரு சக்கரத்தைச் செய்யக் கனவுகூடக் காண முடியாது. சிறிய சீஸ்களோ நீண்ட குளிர்காலம் முழுதும் தாக்குப்பிடிக்கா. ஆகவே 13ஆம் நூற்றாண்டிலிருந்தே அயலவர்கள் பாலை ஒன்றுசேர்த்தார்கள். சேர்த்த விதம்தான் என்னை வியக்கவைத்தது. ஒவ்வொரு வீடும் தன் பாலை மற்ற வீடுகளுக்குக் கடனாகக் கொடுத்துக்கொண்டே வரும்; மற்றவர்களிடமிருந்து யாருக்கு வரவேண்டிய பால் மிகுதியாகச் சேர்ந்திருக்கிறதோ அன்றைய சக்கரம் அவருக்கு உரியது; மறுநாளிலிருந்து அவர் மற்றவர்களுக்குத் திருப்பி ஊற்ற வேண்டும். கணக்கு எழுத்தில் அல்ல, இரண்டாகப் பிளந்த குச்சியில் இருந்தது. இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டாக அடையாளம் போடுவார்கள். ஒரு பாதி வீட்டுக்காரரிடம், மறு பாதி சீஸ் செய்பவரிடம். ஒருவர் களவாகக் கூடுதல் வெட்டுப் போட்டால் மற்றப் பாதி காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. இது சீட்டு. காசுக்குப் பதில் பால். அம்மாவிடம் விளக்கியபோது அவர் கேட்ட முதற்கேள்வி, "அங்கை ஆரும் சீட்டை எடுத்துப்போட்டுக் கனடாவுக்கு ஓடினவையோ?" என்பதுதான். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இரண்டாவது தவணையிலேயே சீட்டை எடுத்துக்கொண்டு மறைந்ததில் அம்மாவின் இரண்டு சோடிக் காப்பு போன கதை எங்கள் வீட்டில் இன்னும் ஆறவில்லை. ஜூராவில் ஓடுவது கடினம். மாட்டையும் புல்லையும் எங்கே கொண்டு ஓடுவது? ஆனால் ஏமாற்று வேறு வகையில் இருந்தது: பாலில் தண்ணீர் கலப்பது, ஆடையை எடுத்துவிட்டு ஊற்றுவது. ஒருவரின் கெட்ட பால் ஊர் முழுவதின் சக்கரத்தையும் கெடுத்துவிடும் என்பதால், அந்த ஊர்களில் அயலவரின் தொழுவச் சுத்தம் எல்லோருடைய விடயமாகவும் இருந்தது.

கொம்தேக்கு 1958இல் தோற்றப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது, அதாவது விதிப்படி அந்தப் பகுதியில் செய்ததை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம். அதன் விதிகளை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். மோன்பெலியார்ட், பிரெஞ்சு சிமென்தால் ஆகிய இரண்டு இனப் பசுக்களின் பால் மட்டுமே. புளிக்கவைத்த தீவனம் கொடுக்கக் கூடாது. பால் பச்சையாகவே கொப்பரைக்கு வர வேண்டும். பால் சேகரிக்கும் வட்டத்தின் விட்டம் 25 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது. குறைந்தது 120 நாள் பைன் இனத்து ஸ்புரூஸ் மரப்பலகையில் முதிர வேண்டும். கறவை ரோபோக்களுக்கு இடமில்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பண்ணைகள் இன்று இந்தக் கட்டுக்குள் இருக்கின்றன. முதிர்ந்த சக்கரத்துக்கு 20 புள்ளிகளுக்கு மதிப்பீடு நடக்கும்: 14உம் அதற்கு மேலும் பெற்றால் பச்சைப் பட்டி, 12க்கும் 14க்கும் இடையில் என்றால் கபிலப் பட்டி, 12க்குக் கீழே போனால் அதைக் கொம்தே என்று விற்கவே முடியாது. சேன் அந்துவான் கோட்டையில் இந்தச் சக்கரங்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். 1870ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு சுவிஸ் எல்லையைக் காக்கக் கட்டிய அந்தக் கற்கோட்டை 1966இலிருந்து சீஸ் முதிரும் நிலவறையாக இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பலகை, பலகை மேல் சக்கரம். முதிர்விப்பவர் சிறு சுத்தியல் போன்ற கருவியால் ஒவ்வொன்றையும் தட்டி ஓசையைக் கேட்கிறார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போலத்தான், ஆனால் இங்கே ஓசையில் தேடுவது உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்பதை.

நம் இலங்கைக் கறுவாவுக்கும் 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதே. ஆனால் ஜூராவில் குறியீடு வருவதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே சங்கம் வந்துவிட்டது. பெயரின் விலை பால் ஊற்றுபவரின் கைக்குப் போய்ச் சேர்வதற்கான வாய்க்கால் ஏற்கெனவே வெட்டியிருந்தது. பட்டை உரிப்பவரின் கைக்கு நம் குறியீட்டின் பலன் எந்த வழியாகப் போகும் என்பதை யாரும் எனக்குத் தெளிவாகச் சொன்னதில்லை.

பெரிய சக்கரத்துக்குப் பால் போதாத வேளைகளிலிருந்தே அந்த மலையின் மற்ற இரண்டு சீஸ்களும் பிறந்தன. பனியில் பாதை மூடிக் கூடத்துக்குப் போக முடியாதபோது, மாலைப் பாலின் தயிர்க்கட்டியை அச்சில் போட்டு, கொப்பரையின் அடிக்கரியை அதன்மேல் பூசிப் பாதுகாத்து, காலைப் பாலின் கட்டியை மேலே போட்டு நிரப்பினார்கள் என்பது மோர்பியேயின் கதை. இன்று நடுவில் ஓடும் கறுப்புக் கோடு மரக்கரித் தூள், வெறும் அலங்காரம். இலையுதிர் காலத்தில் பால் குறையும்போது செய்வது மோன் தோர். ஆகஸ்ட் 15க்கும் மார்ச் 15க்கும் இடையில் மட்டுமே செய்யலாம். ஸ்புரூஸ் மரத்தின் உட்பட்டையை நாடாவாக உரித்துச் சுற்றிக் கட்டி, மரப்பெட்டிக்குள் வைக்கிறார்கள். அக்கா அதன் நடுவில் குழி தோண்டி, உள்ளிப் பற்களைச் செருகி, ஒரு குவளை வெள்ளை வைன் ஊற்றி, பெட்டியோடு அவணில் வைத்தார். பொங்கி வந்ததை அவித்த உருளைக்கிழங்கின் மேல் கரண்டியால் அள்ளி ஊற்றினார்கள். மருமகன் அதற்கு மேல் மிளகாய்த்தூள் தூவினான். பாவம், பிறந்தது பெசன்சோனில் என்றாலும் நாக்கு வடமராட்சி.

மோர்தோ சொசேஜ் பற்றி அதிகம் சொல்லத் தெரியாது, நான் பன்றியிறைச்சி உண்பதில்லை. ஆனால் அதைப் புகைபோடும் துயே என்ற கூடத்தைப் பார்த்தேன்: வீட்டின் நடுவே ஓர் அறையே புகைபோக்கியாகி, கூம்பாகக் கூரையைத் துளைத்துக்கொண்டு போகிறது. உள்ளே நிமிர்ந்து பார்த்தால் கறுப்பு நிறத்தில் மின்னும் பலகைகளும் உச்சியில் கையகல வானமும்.

குடிவகைகளில் மஞ்சள் வைன் ஒன்று. சவாஞான் திராட்சையின் வைனை, ஆவியாகிக் குறைந்ததை மேலே ஊற்றி நிரப்பாமல், பீப்பாயில் ஆறு ஆண்டும் மூன்று மாதமும் விட்டுவிடுகிறார்கள். மேற்பரப்பில் ஈஸ்ட் ஆடையாகப் படிந்து காக்கிறது. ஒரு லீற்றரில் எஞ்சுவது இவ்வளவே என்று சொல்லி 62 சென்ரிலீற்றர் போத்தலில் அடைக்கிறார்கள். மற்றது பொந்தார்லியே நகரத்து அப்சின்த், மாசிபத்திரியின் உறவான கசப்புச் செடியிலிருந்து வடிப்பது. பிரான்ஸ் அதை 1915இல் தடைசெய்தது. அதற்கு முன், 1901 ஆகஸ்டில், அந்நகரின் பெர்னோ வடிசாலையில் மின்னல் விழுந்து தீப்பிடித்தது. வெடிப்பைத் தவிர்க்கத் தொட்டிகளைத் திறந்துவிட, அப்சின்த் தூ என்னும் ஆற்றில் ஓடியது. இரண்டு நாளில் வேறொரு பள்ளத்தாக்கிலுள்ள லூ ஆற்றின் ஊற்றில் அதன் வாசம் வந்தது. சுண்ணக்கல் நிலத்துக்கு அடியில் ஓர் ஆறு மற்றதற்குத் தண்ணீர் கொடுக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. நிலாவரைக் கிணற்றில் எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்று சிறுவயதில் கேட்டு வளர்ந்தவன் என்பதால், அத்தான் இதைச் சொன்னபோது காரில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதே சுண்ணக்கல்தான் இன்று கொம்தேக்குத் தலையிடி. மேலே ஊற்றும் மாட்டுக் கழிவும் பசளையும் வெடிப்புகள் வழியே நேராக நிலத்தடி நீருக்குப் போகின்றன. லூ ஆற்றில் மீன்கள் செத்து மிதந்த ஆண்டுகள் உண்டு, அதற்குப் பால் உற்பத்தி பெருகியதும் ஒரு காரணம் என்று ஊரிலேயே சண்டை நடக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நைத்திரேற்றைப் பற்றிப் பேசுபவர்களுக்கு இந்தச் சண்டையின் இரு பக்கமும் மனப்பாடம்.

மூன்றாவது கிழமையில், சீஸ் துண்டு தீப்பெட்டியளவுக்குக் குறைந்திருந்தபோது, அம்மா கேட்டார்: "அவை பாலை எதாலை உறைய வைக்கிறவை?" கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் என்று உண்மையைச் சொன்னேன். சைவம் பிசகாத அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. பொட்டலத்தை எடுத்து நான் முட்டை வைக்கும் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டுக் கையைக் கழுவினார். பிறகு, அக்கா கழுவிக் காயவைத்து என்னிடம் கொடுத்துவிட்ட மோன் தோரின் வெற்றுப் பெட்டியை மோந்து பார்த்து, இது மரந்தானே என்று இருமுறை உறுதிப்படுத்திக்கொண்டார். இப்போது அதில் மோர்மிளகாய் இருக்கிறது. பொரிக்கும்போது ஸ்புரூஸ் மணம் லேசாக வருகிறது.