வெள்ளைக் கோடு ஒன்றுக்கு ஐந்து மாதம்

துணிக்குச் சாயம் போடுவதை நானும் ஷிபோரி என்ற ஜப்பானிய முறையில்தான் ஆரம்பித்தேன். துணியை முடிந்து, தைத்து இழுத்து, குழாயில் சுற்றி நீலச் சாயத்தில் முக்குகிற வித்தை. இன்று நகோயா நகருக்குள் அடங்கிவிட்ட அரிமாட்சுவில் 1608இல் குடியேறியவர்கள், டோக்கைடோ சாலையில் போகிற வழிப்போக்கர்களுக்கு இந்தச் சாயத் துண்டுகளை விற்றுத்தான் பிழைத்தார்கள். எனக்கு இரண்டே மாதத்தில் அலுத்துவிட்டது. எப்படிக் கட்டினாலும் அழகாகத்தான் வருகிறது. தப்பு எங்கே என்றே தெரிவதில்லை. நினைத்த கோடு நினைத்த இடத்தில் விழவேண்டும் என்ற பிடிவாதத்தில் ட்சுட்சுகாக்கிக்கு மாறினேன். ட்சுட்சு என்றால் குழல். குழலில் அரிசிப் பசையை நிரப்பித் துணியில் வரைந்து, காயவைத்து, நீலத்தில் முக்கிக் கழுவினால் பசை இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். ஜப்பானின் இசுமோ பக்கத்தில் கல்யாணச் சீராகக் கொடுத்த துணிகளில் கொக்கும் ஆமையும் வரைந்தது இப்படித்தான்.

ஜூன்

வீட்டில் இருந்த பச்சரிசி மாவைக் கிண்டி, மருதாணிக்குப் போடுகிற மாதிரிக் கோனில் அடைத்து வரைந்தேன். மொட்டைமாடி வெயிலில் ஒரு மணி நேரத்தில் வயல் வெடிப்பு மாதிரி வெடித்தது. வெடிப்புக்குள் எல்லாம் நீலம். ஆமை ஓட்டில் விரிசல் இருந்தால் பொருத்தம்தானே என்று கொஞ்ச நேரம் என்னையே தேற்றிக்கொண்டேன்.

நம் சாப்பாட்டு அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து அதிகம், ஆறினால் இறுகிவிடும். மோச்சி என்ற ஜப்பானியப் பலகாரம் செய்கிற பசையரிசியில் அது இல்லை என்றே சொல்லலாம், அதனால்தான் அந்த ஒட்டல். கருப்பு கவுனியும் பசையரிசிதான், ஆனால் அதன் ஊதா துணியில் இறங்கிவிடும் என்று பயந்து, ஜப்பான் சாமான் விற்கிற கடையில் வெள்ளை மாவே வாங்கினேன்.

ஜூலை

இரண்டு பங்கு மாவு, மூன்று பங்கு தவிடு. தவிடு எதற்கு என்றால், மாவு மட்டும் போட்டால் கண்ணாடி மாதிரி காய்ந்து உரிந்து வந்துவிடும். ரைஸ் மில்லில் வாங்கியதை மிக்ஸியில் அடித்து, சித்த மருந்துக்காரர்கள் மாதிரி துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்தேன். சல்லடையில் சலித்தால் போதாது; கோன் முனையில் ஒரு உமி சிக்கினாலும் கோடு துப்பிவிடும். தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, நடுவில் ஓட்டை போட்டு மெதுவடை மாதிரி தட்டி, இட்லிப் பானையில் 50 நிமிடம். ஓட்டை இல்லாவிட்டால் நடு வேகாது. சூட்டோடு உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்து, “இவ்வளவு பாடுபட்டு வேகவெச்சுத் துணிக்கா ஊட்டுற?” என்றாள்.

கடைசியாகச் சுண்ணாம்பு. கரைத்துத் தெளிந்த நீரை விட்டதும் தவிட்டு நிறம் மஞ்சளாகத் திரும்பியது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நொடி எனக்கு அலுக்கவில்லை. பிறகு உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்துப் பசையை வெடிக்காமல் வைக்கும். வெயில் நாளில் ஒரு கை கூட, மழை நாளில் குறைய. இதற்குக் கிராம் கணக்கு உதவாது, வானத்தைப் பார்த்துத்தான் போடவேண்டும்.

ஆகஸ்ட்

ஜப்பானில் நீலம் வேறு செடி. அதன் இலையைக் காயவைத்து, டொகுஷிமாவில் சுமார் 100 நாள் புளிக்கவைத்து, ‘சுகுமோ’ என்கிற மக்காக ஆக்குகிறார்கள். அது எனக்குக் கிடைக்கிற பொருள் இல்லை. திண்டிவனம் பக்கத்து அவுரி நீலம் 50 கிராம், சுண்ணாம்பு 100, பழச் சர்க்கரை 150 என்று மூடி போட்ட டிரம்மில் வெந்நீர் விட்டுக் கலக்கினேன். மேலே செம்புப் படலமும் நீல நுரையும், அடியில் மஞ்சள் கலந்த பச்சைத் தண்ணீரும் வந்தால் தொட்டி தயார்.

வந்தது. ஆசையில் சூடு ஆறுவதற்குள் துணியை இறக்கினேன். வெதுவெதுப்பில் பசை முழுக்கக் கரைந்து, இரண்டு நாள் வரைந்த கொக்கு தொட்டியோடு போய்விட்டது. அன்று இரவு யாரோடும் பேசவில்லை.

அக்டோபர்

இப்போதைய வழக்கம் இது. தொட்டியை முழுக்க ஆறவிடுகிறேன். அடியில் தங்கும் சுண்ணாம்புச் சேறு துணியில் படாமலிருக்கக் கூடை ஒன்றை உள்ளே இறக்கிவைத்திருக்கிறேன். ஒரு நிமிடம் முக்கல், பத்து நிமிடம் காற்று. பச்சையாக வெளியே வந்து கண்ணெதிரே நீலமாகும். மூன்று முக்கலுக்கு மேல் போனால் பசை இளகுகிறது. அதனால் நிழலில் நன்றாகக் காயவைத்து மறுநாள் மறுபடி மூன்று. பிறகு குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டால் பசை தானாகக் கழன்று விழும், தேய்க்கக் கூடாது. கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆமை முழுசாக வந்தது. முதுகுக் கட்டங்கள் பதின்மூன்றும் எண்ணும்படி இருந்தன. சந்தோஷத்தில் துணியைத் திருப்பினேன். பின்பக்கம் வழியாக நீலம் ஏறி, கோடு அங்கே மங்கலாக இருக்கிறது. மருதாணி கோன் பழகிய கை ஆதலால் மெல்லிசாக வரைந்துவிட்டேன், பசை துணிக்குள் இறங்கவே இல்லை. யுகாத்தா என்ற ஜப்பானியக் கோடை உடையின் துணிக்கு இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால், நீளப் பலகையில் விரித்து அச்சுத் தாள் வைத்து ஒரு பக்கம் பசை போட்டு, அதைத் திருப்பி அதே கோட்டின் மேல் மறுபக்கமும் போட்டிருக்கிறார்கள்.

கையால் வரைந்ததை அப்படித் திருப்பி வரைய எனக்குத் துணிச்சல் இல்லை. கோன் முனையை இன்னும் ஒரு நூல் பெரிதாக வெட்டி, பசையைக் கொஞ்சம் இளக்கி, மெல்லிய மல் துணியில் முயலப் போகிறேன். தொட்டி இரண்டு நாளாகச் சோர்ந்து வெளிறியிருக்கிறது. முதலில் அதற்குக் கொஞ்சம் சர்க்கரை போடவேண்டும்.