ஏஞ்சல் தீவை ஆட நினைக்கும் நடன மாணவர்களுக்கு

நடன அமைப்புப் பாடத்தின் இறுதித் தேர்வுக்கு அமெரிக்கச் சீனக் குடியேறிகளின் வரலாற்றை எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நான் எடுத்தது அதைத்தான். தாராளமாக எடுங்கள். ஆனால் மொத்த வரலாற்றையும் மேடையேற்ற முயல வேண்டாம். சியரா நெவாடா மலையைக் குடைந்த ரயில்பாதைத் தொழிலாளர்கள், 1867 வேலைநிறுத்தம், சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த 1882 சீனர் விலக்குச் சட்டம், 1943இல் அது நீக்கப்பட்டது என்று எல்லாவற்றையும் ஒரே நடனத்தில் அடைத்தால் தேதிப் பட்டியல்தான் மிஞ்சும். ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் பிடித்தது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவு. 1910 முதல் 1940 வரை அங்கே குடியேற்ற நிலையம் இருந்தது. வந்தவர்களில் பெரும்பாலும் சீனர்களைத்தான் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைத்து வைத்து விசாரித்தார்கள். 1906 நிலநடுக்கத்தில் நகரத்தின் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோயின. அமெரிக்காவிலேயே பிறந்தவர் என்று ஒருவர் சொன்னால் மறுக்க ஆவணம் இல்லை. அதன்பின் பலர் அமெரிக்கக் குடிமக்களின் பிள்ளைகள் என்று காகிதத்தில் மட்டும் உறவு காட்டி வந்தார்கள். ‘காகித மகன்கள்’ என்பது அவர்களுக்கு வந்த பெயர். வீட்டுக்கு எத்தனை படி, அரிசிப் பானை எங்கே இருக்கும், அடுத்த வரிசையில் மூன்றாவது வீடு யாருடையது என்றெல்லாம் அதிகாரிகள் கேட்பார்கள். சாட்சி சொல்லும் உறவினரிடமும் அதே கேள்விகள். பதில் முரண்பட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். அதனால் கப்பலிலேயே குறிப்புகளை மனப்பாடம் செய்து, கரை நெருங்கும் முன் கடலில் வீசிவிடுவார்கள்.

விசாரணைக் கோப்புகள் கலிபோர்னியாவின் சான் புரூனோ தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அசைவு தேடும் முன் அவற்றைப் படியுங்கள். என் நடனத்தின் மையப் பகுதி அங்கிருந்துதான் பிறந்தது. ஆடுபவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், முகத்தில் சலனம் இருக்காது. குதிகால்கள் மட்டும் தரையைத் தொடாமல் படியேறும்: ஒன்று, இரண்டு, மூன்று. இன்னொரு மூலையில் அவருடைய ‘அப்பா’ நான்கு படி ஏறுவார். தேர்வாளர்கள் அதிகம் கேள்வி கேட்டது இந்தப் பகுதியைப் பற்றித்தான்.

விசிறி, பட்டு நாடா, டிராகன் எதுவும் வேண்டாம். அங்கே அடைபட்டவர்களில் பெரும்பாலோர் தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்துக் கிராமத்தவர்கள். பரதம் கற்றவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். எழுதுவதைக் காட்ட நம்மிடம் அழகான முத்திரை உண்டு. அதை இங்கே விட்டுவிடுங்கள். மரச்சுவரில் கத்தியால் கவிதை செதுக்குவதற்குத் தோளின் பலம் வேண்டும். அப்படிச் செதுக்கிய கவிதைகளில் இருநூறுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. இடிக்கப்படவிருந்த கட்டடம் பிழைத்ததே, 1970இல் பூங்காக் காவலர் ஒருவர் அவற்றைக் கவனித்ததால்தான்.

நடன அமைப்பாளர் லெனோரா லீ 2017இல் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு நடனப் படைப்பை நிகழ்த்தினார். அதன் காணொளி கிடைத்தால், அறைகளை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கவனியுங்கள்.

ஒத்திகைக்கு அங்கே அடைபட்டவர்களின் வம்சாவளியினர் சிலரைக் கட்டாயம் அழையுங்கள். எங்களுடையதைப் பார்த்த ஒரு மூதாட்டி, “எல்லாரும் அழுதுகொண்டே இருக்கிறார்களே” என்றார். கைதிகள் 1922இல் தங்களுக்கென ஒரு சங்கமே அமைத்திருந்தார்கள், அங்கே இசையும் விளையாட்டும் இருந்தன. உடனே ஒரு சூதாட்டக் காட்சியைச் சேர்த்தோம், நடனம் உயிர்பெற்றது.

வாய்மொழித் தேர்வில் “இதை ஆட நீங்கள் யார்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எந்த அசைவு எந்த ஆவணத்திலிருந்து வந்தது, யாரிடம் காட்டினீர்கள், அவர்கள் சொல்லி எதை மாற்றினீர்கள் என்று எழுத்து அறிக்கையில் கோப்பு எண்ணோடு குறித்துவைத்துவிடுங்கள்.