எட்டு அடி இறக்கத்தில் ஒரு வீடு

மனையைப் பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் சாலையோரமாக நின்றபடியே பாராட்டினார்கள். "நல்ல காற்று வரும், எதிரே மறைப்பு எதுவும் இல்லை." உள்ளே இறங்கிப் பாருங்கள் என்றால் மட்டும் தங்கள் செருப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, "இங்கிருந்தே தெரிகிறதே" என்று சொல்லிவிடுவார்கள். சாலையை விட்டு விலக விலக நிலம் இறங்கிக்கொண்டே போகிறது. வீடு உட்காரப் போகும் நாற்பது அடி நீளத்தில், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் எட்டு அடி வித்தியாசம்.

அந்த எட்டு அடியை அளந்த கூத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. மேஸ்திரி, உள்ளே இருப்பது தெரியும்படியான நீளமான குழாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி எடுத்துவந்தார். குழாய் நடுவில் எப்படிச் சுருண்டு கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்துக் குச்சிகளில் குறி போட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க வேண்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் அளவு பொய்யாகிவிடும் என்பதால், அப்பா குழாயை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தே கிளம்பவிட்டார். மேல் முனை அப்பாவிடம், கீழ் முனை அத்தானிடம். இடம் மாறும்போது இருவரும் கட்டைவிரலால் முனையை அடைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. சரிவில் இறங்கும்போது அத்தானுக்கு அழைப்பு வந்தது. கைப்பேசியை எடுக்க விரலை எடுத்தார். என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்த அப்பாவின் விரலும் மேலே விலகிவிட்டது. மேலேயிருந்த தண்ணீர் அவ்வளவும் சட்டைக்கையின் வழியாக அவர் இடுப்பு வரை போய்ச் சேர்ந்தது. "மட்டம் சரியாகத்தான் காட்டுகிறது" என்றார் மேஸ்திரி, முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல்.

அளவு கிடைத்ததும் வீட்டில் எல்லோருமே கட்டடக்கலை நிபுணர்களாகிவிட்டார்கள். அப்பா கட்டம் போட்ட தாளை ஒரு பலகையில் ஒட்டி, ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கிட்டுப் பிளான் போட்டார். உருண்டைப் பென்சில்கள் சுவர்கள், தீப்பெட்டிகள் கட்டில்கள். அத்தானுக்கு முன்னாலிருந்து பின்னால் வரை தடையில்லாத ஒரே கூடம் வேண்டும். அம்மாவுக்குச் சமையலறை சாலையோரம் வேண்டும், யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். அக்காவுக்குப் படிக்கும் அறை எங்கேயிருந்தாலும் சரி, அத்தான் பேசுவது கேட்கக் கூடாது.

பொறியாளர் அம்மையார் வந்தார். அப்பாவின் பிளானைப் பொறுமையாகப் பார்த்தார். "அருமையாக இருக்கிறது ஐயா. நிலம் இப்படி இருக்கிறதே" என்று சொல்லி, இருபது அங்குலப் பலகையின் ஒரு முனையை நான்கு அங்குலம் தூக்கினார். முதலில் கூடத்துச் சுவர் உருண்டது. அது படுக்கையறைச் சுவரையும் இழுத்துக்கொண்டு, ஒரு கட்டிலைத் தள்ளிவிட்டு, மேசைக்குக் கீழே போனது. அம்மா குனிந்து பென்சிலை எடுத்து, "என் சமையலறை நகரவில்லை" என்றார். நகராததற்குக் காரணம், அதன்மேல் அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது.

அத்தான் அசரவில்லை. "மண்ணைக் கொட்டிச் சமன் செய்தால் தீர்ந்தது!" சரிவுநிலம் வாங்கிய எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான் போலிருக்கிறது. பொறியாளர் தாளின் ஓரத்தில் ஒரு முக்கோணம் வரைந்தார். நாற்பது அடி நீளம், முப்பது அடி அகலம், பின்முனையில் எட்டு அடி ஆழம். சாலைமட்டம் வரை நிரப்ப 4800 கன அடி மண் வேண்டும். முன்பாதியில் வெட்டிப் பின்பாதியில் போட்டால் 1200 கன அடி வெட்டினால் போதும், வெளியிலிருந்து மண்ணே வேண்டாம். வீட்டை நடுவில் பிரித்து, பின்பாதியை நான்கு அடி கீழே இறக்கிவிட்டால் வெட்டுவது 600 கன அடியாகச் சுருங்கிவிடும். எனக்குக் கணக்கு என்றாலே கொட்டாவி வரும். ஆனால் 4800 எப்படி 600 ஆனது என்று அன்றிரவு தனியாகப் போட்டுப் பார்த்தேன். ஆகத்தான் செய்கிறது.

"நிரப்பிய மண் பல வருடங்கள் அமிழ்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் அஸ்திவாரம் நிற்காது, அதைத் துளைத்துக்கொண்டு கெட்டியான நிலம் வரை போக வேண்டும். தடுப்புச் சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் மண் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். மழைநீர் உள்ளே தேங்கினால் இன்னும் மோசம், நீர் வடியத் துளைகள் விட்டாக வேண்டும்" என்று அவர் சொல்லச் சொல்ல, அத்தானின் கூடம் கண்ணெதிரே குறுகியது.

ஆக, நான்கு அடி இறக்கம். ஆறு அங்குலப் படியாக எட்டுப் படிகள். அப்பாவின் முழங்கால் எட்டுப் படிக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் அவர் படுக்கையறை, குளியலறை, சமையலறை, சாப்பிடும் இடம் எல்லாம் சாலைப் பக்கத்து மேல்மட்டத்தில். எங்கள் அறைகள் கீழ்மட்டத்தில். இரண்டு மட்டங்களுக்கும் நடுவே மண்ணில் முதுகைச் சாய்த்திருக்கும் சுவர் பக்கம் வெளிச்சமும் வராது, ஈரமும் கசியும் என்பதால் அங்கே படிக்கட்டும் சாமான் அறையும் போயின. ஜன்னல்கள் அனைத்தும் சரிவைப் பார்த்தபடி. இதெல்லாம் ஒரே மாலையில் முடிந்தது. கழிப்பறைக்குத்தான் நாட்கள் ஆயின.

கழிவுநீர்க் குழாய் போவது சாலையில். எங்கள் கீழ்மட்டம் அதைவிடத் தாழ்வு. தண்ணீர் மேலே ஏறாது என்ற செய்தி குடும்பத்துக்குப் பேரிடியாக வந்து சேர்ந்தது. பம்பு வைத்து ஏற்றலாம் என்றார் பொறியாளர்.

"மின்சாரம் போனால்?" என்று அம்மா கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. அத்தான் கூட.

"அப்போது மட்டும் மேலே வந்துவிடலாம், எட்டுப் படிதானே" என்றேன்.

"நடு இரவில் எல்லோரும் வரிசையில் நிற்பீர்கள். அதுவும் அப்பாவின் அறை வாசலில்" என்றார் அம்மா. அப்பா செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். கடைசியில் கீழ்மட்டத்துக்கு மட்டும் மனையின் தாழ்ந்த மூலையில் தனி செப்டிக் டேங்க் என்று முடிவானது. அதை அள்ள வண்டி எப்படி இறங்கும் என்று அக்கா கேட்டார். வண்டி சாலையிலேயே நின்றுகொள்ளும், நீளமான குழாயைக் கீழே விடுவார்கள் என்று பதில் வந்தது. குழாய் என்றதும் அத்தான் இரண்டடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

கார் நிறுத்த மேல்மட்டம்தான் என்பதில் சண்டையே இல்லை. சாலை முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில் வண்டியின் அடிவயிறு எப்படி உராயும் என்பதை அத்தான் ஏற்கெனவே மனையில் செய்து காட்டியிருந்தார்.

எல்லோரும் ஒப்புக்கொண்ட பிளானோடு மனைக்குப் போனபோது, கீழ்ப்பக்கத்து மனைக்காரர் காத்திருந்தார். படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரி. உங்கள் கூரையில் விழும் மழை எங்கே போகும்?"

நாங்கள் பொறியாளரைப் பார்த்தோம். அவர் பேனா மூடியைக் கழற்றி, செப்டிக் டேங்கிலிருந்து நன்றாகத் தள்ளி, வேலியோரமாக ஒரு கால்வாய் வரையத் தொடங்கினார். அப்பா மட்டும் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.