பிளாட்டினத்துக்கு நடுவில் கோபால்ட்: வைவாவில் நான் தவறவிட்ட கேள்வி

எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்ட் வைவா. என் தலைப்பு, மிக மெல்லிய காந்தப் படலங்களில் டிஎம்ஐ, அதாவது ஜியாலோஷின்ஸ்கி–மோரியா வினை. அணுக்களில் குட்டிக் காந்த முள்போல் இருக்கும் ஸ்பின்களை, பக்கத்து ஸ்பின்னைவிட ஒரே பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கும் வினை அது. வெளித்தேர்வாளர் கேட்டார்: "கோபால்ட்டுக்கு மேலயும் பிளாட்டினம், கீழயும் பிளாட்டினம். டிஎம்ஐ எவ்வளவு வரும்?" கோபால்ட்டும் பிளாட்டினமும் தொடும் இடைமுகம் இரண்டு, அதனால் இரண்டு மடங்கு என்றேன். அவர் ஒரு தாளை நகர்த்தி, "படம் போட்டு, தலைகீழாத் திருப்பிப் பாருங்க தம்பி" என்றார். திருப்பினேன். அதே படம். அதில்தான் விடை இருக்கிறது என்பது அன்று ராத்திரிதான் புரிந்தது.

தப்பு எங்கே வந்தது என்று சொல்கிறேன். சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். இரட்டை இழை நூலில் எஸ் முறுக்கு, இசட் முறுக்கு என்று இரண்டு உண்டு. எஸ் முறுக்கு நூலை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் எஸ்தான். ஸ்பின்கள் ஒரே பக்கமாகச் சுழன்று போவதை இந்த நூலாகவே மனதில் வைத்திருந்தேன். திருப்பினாலும் மாறாது, ஆகவே இரண்டும் கூடும் என்று நினைத்துவிட்டேன்.

மெல்லிய படலத்தில் ஸ்பின்கள் நூல்போல் முறுக்கிக்கொள்வதில்லை, சக்கரம்போல் உருள்கின்றன. தரையில் வலப்பக்கம் உருளும் சக்கரம் கடிகாரத் திசையில் சுற்றும். அதையே கூரையின் அடிப்பக்கத்தில் வைத்து வலப்பக்கம் உருட்டுங்கள், எதிர்த்திசையில் சுற்றும். கீழ்ப் பிளாட்டினம் தரை, மேல் பிளாட்டினம் கூரை. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். விடை சுழி. நிஜ மாதிரிகளில் இரண்டு இடைமுகங்களும் அச்சாக ஒரேமாதிரி வளராததால் கொஞ்சம் மிஞ்சும், வைவாவுக்குப் போகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நூல் உவமை படலமாக இல்லாமல் முழுக் கட்டியாக இருக்கும் மாங்கனீசு சிலிசைடு போன்ற பருப்பொருளுக்குத்தான் பொருந்தும்.

அடிப்படையை இந்த வரிசையில் படியுங்கள். பக்கத்து ஸ்பின்களை இணையாகவோ எதிரெதிராகவோ நிறுத்தும் சாதாரண பரிமாற்ற வினையில் ஸ்பின்களின் புள்ளிப் பெருக்கல் வரும், இரண்டையும் இடம் மாற்றினாலும் ஒன்றுதான். டிஎம்ஐயில் வருவது குறுக்குப் பெருக்கல், இடம் மாற்றினால் குறி மாறும். அதனால் இரண்டு அணுக்களின் நட்ட நடுவே தலைகீழ்ச் சமச்சீர் மையம் இருந்தால் அது சுழியாகியே தீரும். 1958-ல் ஜியாலோஷின்ஸ்கி சமச்சீரை மட்டும் வைத்து, ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடின் வலுக்குறைந்த காந்தத்தன்மையை விளக்கினார். 1960-ல் மோரியா அதன் வேர் ஸ்பின்–சுற்றுப்பாதைப் பிணைப்பு, அதாவது எலக்ட்ரானின் ஸ்பின்னுக்கும் அது சுற்றும் பாதைக்கும் உள்ள பிணைப்பு என்று காட்டினார். கனமான அணுக்களில் இந்தப் பிணைப்பு வலுவானது. பிளாட்டினம் போன்ற கனமான உலோகம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

அப்புறம், ஒரு சோதனையையாவது எண்களோடு கையில் வைத்திருங்கள். நான் வைத்திருப்பது 2007-ல் வெளியானது: டங்ஸ்டன்மேல் ஒற்றை அணு அடுக்கு மாங்கனீசு. அதில் பக்கத்துப் பக்கத்து வரிசை ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கப் பார்க்கும், ஆனால் இடையே 180 டிகிரி இல்லை, சுமார் 173. அந்த 7 டிகிரிதான் டிஎம்ஐயின் வேலை. 360-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 51 வரிசைக்கு ஒரு முழுச் சுற்று, சுமார் 12 நானோமீட்டர். இந்தக் கணக்கைப் பேனா பிடித்துப் போட்டுப் பாருங்கள்.

டிஎம்ஐயை அளவிடும் முறை கேட்டால் பிரில்லுவான் ஒளிச்சிதறல்: ஸ்பின் அலைகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து, எதிரெதிர்த் திசையில் ஓடும் அலைகளின் அதிர்வெண் வேறுபாட்டைப் பார்ப்பது. அடுத்த கேள்வி அநேகமாக, மேலே பிளாட்டினத்துக்குப் பதில் அலுமினியம் ஆக்சைடு வைத்தால் என்ன ஆகும் என்பது. கூரையில் இப்போது அதே சக்கரம் இல்லை, அதனால் கீழே பிளாட்டினம் தருவது அடிபடாமல் நிற்கும்.